இடது காலுறை

காலுறை கணுக்காலில் மாட்டிக்கொண்டு மேலே ஏற மறுத்தது. செனாம் இன்னொரு முறை இழுத்தாள். நைலான் நூல் ஒன்று பிரிந்து வந்தது.

"இழு, இழு. செத்தவனுக்கு வலிக்காது," என்றார் அக்பெகோ மாமா. சபையில் மூப்பர். மூன்று நாளாகக் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை.

கட்டிலில் கிடந்தது செனாமின் அண்ணன் எடெம். இடது கணுக்காலைச் சுற்றி வளையம்போலத் தடித்துக் கறுத்த தழும்பு. பள்ளி வாத்தியாராக இருந்து புத்தி பேதலித்த அவனை மலைமேல் ஜெப முகாமில் மரத்தோடு பிணைத்த சங்கிலி, பதினோரு வருஷத்தில் செய்த வேலை. செவ்வாயன்று அவன் உயிர் போனபோது பூட்டின் சாவியைத் தேடவே அரை நாள் ஆயிற்று.

அங்கே மாமா ஒரு தடவைகூடப் போனதில்லை. இப்போது மூன்று பந்தல், பித்தளைக் கட்டில், அக்கரையிலிருந்து பேண்டு வாத்தியம். வோல்ட்டா ஆற்றங்கரை நெடுக ஒட்டிய சுவரொட்டியில், பழைய படத்தில், இருபத்தாறு வயது எடெம் டை கட்டிச் சிரித்தான். கீழே, 'குறுகிய கால நோய்க்குப் பின்.' பதினோரு வருஷத்தைக் குறுகிய காலம் என்று எழுதப் பெரிய விசுவாசம் வேண்டும். மாமாவுக்கு இருந்தது.

"பேன்ட்டை இறக்கிவிட்டா போதாதா மாமா?"

"மாப்பிள்ளையோட அம்மா வராங்கடி. பைத்தியம் இருந்த வீடுன்னு தெரிஞ்சா உன் பொண்ணு டெலாலியை எவன் கட்டுவான்? லாகோஸ்ல வேலை பார்த்தான்னு சொல்லியிருக்கேன்."

"போன வாரம் அபிட்ஜான்னு சொன்னீங்க."

"ரெண்டு ஊர்லயும் பார்த்தான். திறமைசாலி."

வெளியே பேண்டு முழங்கியது. மாமா மைக்கைத் தேடி ஓடினார்.

அவர் போன வாசல் வழியாகவே மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தாள். செனாம் சட்டென்று கட்டிலின் கால்மாட்டை மறைத்து நின்றாள். மறைக்கும் அளவுக்கு அவளுக்கு அகலம் போதாது.

வந்தவள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடெமின் கையருகே வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு கால்பக்கம் வந்தாள். பாதி ஏறி நின்ற காலுறையையும் அதற்கு மேலே தெரிந்த வளையத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டெலாலியின் கல்யாணம் அவ்வளவுதான் என்று செனாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொஞ்சம் தள்ளும்மா."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். நுனிவரை சுருட்டினாள். உள்ளே இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து, தழும்பின் மேல் படாமல் தூக்கி, அந்தப் பக்கம் விட்டாள். ஒரே மூச்சில் ஏறிவிட்டது.

"இழுக்கக் கூடாது. சுருட்டித்தான் ஏத்தணும். எங்க தம்பிக்கு..." நிறுத்திக்கொண்டாள். "புண்ணா இருக்கிறப்போதான் ரொம்பக் கஷ்டம்."

வெளியே மைக்கில் மாமா, "குறுகிய கால நோய்" என்றார்.

பேன்ட் நுனியை இறக்கப் போன செனாம் கையை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் காலுறையில் விழுந்த ஒரு சுருக்கத்தை மெதுவாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.