மூன்றாவது மூச்சு

மழை ஓயாத எங்கள் நார்வே நாட்டு பெர்கன் நகரில் பதினோரு நாள் தொடர்ந்து வெயில் அடித்தது என்றால்கூட நம்பிவிடுவீர்கள். நான் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். முப்பத்தெட்டு வருடம் பயணிகள் படகில் கேப்டன். நான் ஒரு அதட்டல் போட்டால் மூடுபனி ஒதுங்கிப்போகும். திமிங்கிலங்கள் வரிசையில் நின்று வழிவிடும்.

என் மனைவி சின்னோவேயின் நுரையீரல் இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சு முட்டினால் அவளுக்குப் பயம் வரும். பயம் வந்தால் இன்னும் முட்டும். அப்போதெல்லாம் நான் ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன், தலையணையைத் தட்டுவேன், ஜோக் சொல்வேன். ஒருநாள் அவளே பாதி மூச்சில் சொன்னாள்: "கொஞ்சம் ஒக்காரு கிழவா. ஒன்னப் பாத்துதான் எனக்கு முட்டுது."

அதனால்தான் நூலக மாடியில் நடந்த புத்த தியான வகுப்பில் சேர்ந்தேன். வேடிக்கை பார்க்க அவள் அக்கா ஒட்னியும் வந்தாள். எட்டுப் பேர், எல்லோரும் கம்பளிக் காலுறையோடு. மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும், பிறகு மறுபடி ஒன்று. நடுவில் மனம் ஓடிவிட்டாலும் ஒன்றுதான் என்றாள், சொல்லிக்கொடுத்த தூவா. முதல் நாளே நான் நானூற்றுப் பன்னிரண்டு எண்ணிவிட்டுக் கையைத் தூக்கினேன். பத்தைத் தாண்டியதே தெரியவில்லையென்றால் நீங்கள் அங்கே இல்லை என்றாள் தூவா, சிரிக்காமல். அவளுக்கும் சேர்த்து ஒட்னி சிரித்தாள்.

"இவனா சும்மா இருப்பான்? சவப்பெட்டிக்குள்ள வெச்சாலும் பேசுவான்."

வியாழக்கிழமை மத்தியானம் பெரிய மூச்சுமுட்டல் வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் சின்னோவேயின் உதடு நீலமாகிவிட்டது. கொடுத்த மருந்து வேலைசெய்ய நேரமாகும். ஜன்னலுக்கு ஓடக் கால் துடித்தது. உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் மூச்சை எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றில், இவள் போனபின் காலையில் எத்தனை கரண்டி காபித்தூள் போடுவது என்று நினைப்பு வந்தது. மறுபடி ஒன்று. மூன்றில் அவளுடைய மழைக்கோட்டு வந்தது. மறுபடி ஒன்று. நான்கை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. புயலை விரட்டியவன், அவள் மூச்சை ஒரு விரற்கடை நீட்ட வழியில்லாமல் மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே கிடந்தேன். ஒட்னி எப்போது வந்து வாசலில் நின்றாளோ, தெரியாது.

முட்டல் கொஞ்சம் தணிந்தது. சின்னோவே கண்ணைத் திறக்கவில்லை; வாசலில் அக்காவின் காலடி கேட்டிருக்கும். "அக்கா, கிழவன் எங்க? சத்தமே காணோம்."

ஒட்னி நனைந்த கோட்டைக் கழற்றாமலே கட்டிலருகே வந்தாள்.

"நீ புடிச்சிருக்கறது அவன் கையத்தான்டி. முக்கா மணி நேரமா வாயத் தொறக்கல. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."