சமையலறைக் கதவுக்கு மேலே இருந்த துவாரம்

இந்த வீட்டைக் கட்டியவர் வெயிலை மட்டும்தான் மனதில் வைத்திருந்தார். கனத்த கல் சுவர், எட்டாத உயரத்தில் கூரை, ஒவ்வொரு கதவுக்கும் மேலே காற்று வர ஒரு துவாரம். கோடையில் வருகிறவர்கள் பொறாமைப்படுவார்கள். குளிர்காலத்தில் யாரும் வருவதில்லை.

என் மனைவி இறந்த பிறகு வந்த முதல் குளிர்காலம். மகளை என் அக்கா தன் வீட்டில் வைத்திருந்தாள். பிள்ளைக்கு மூச்சிளைப்பு உண்டு. "ஒரு ரூமையாவது சூடா வெச்சுக் காட்டு, கொண்டுவந்து விடறேன். இல்லேன்னா அவ இங்கயே படிக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பேசியும் வைத்திருந்தாள்.

மனைவியின் தம்பி எங்கள் பழைய கேஸ் ஹீட்டரைப் பழுது பார்த்துக் கொண்டுவந்தான். நடு அறையைத் தேர்ந்தெடுத்தோம். முதலில் ஜன்னல் இடுக்குகளை அடைத்தோம், பிறகு தரையில் ஜமுக்காளம், கடைசியாகத் துவாரங்கள். ஏணியில் அவன் நின்றான், நான் கீழிருந்து பழைய துணிகளை எடுத்துக் கொடுத்தேன். மனைவியின் சால்வை கைக்கு வந்தது. கொடுத்தேன்.

"மாமா, இது அக்காவோடது."

"ம். கம்பளி. நல்லா அடைக்கும்."

சமையலறைக் கதவுக்கு மேலே இருந்த துவாரத்தில் அதைத் திணித்தான். அந்த ஒன்றை மட்டும் அவள் எந்தக் குளிரிலும் அடைக்க விட்டதில்லை. "காசு கொடுத்துத் தெருவையே சூடு பண்றியா?" என்று வருஷா வருஷம் கேட்பேன். "சொன்னா மட்டும் கேக்கவா போறீங்க," என்று போய்விடுவாள்.

ஹீட்டரைப் பற்ற வைத்தோம். அறை சூடானது.

"இன்னும் கொஞ்சம் விட்டா நானே வெந்துடுவேன் மாமா. உப்பு மட்டும் போட்டா போதும்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

மறுநாள் மதியம் அக்கா வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள், முகம் தெளிந்தது. கட்டிலில் உட்கார்ந்து சுவரில் கை ஊன்றியவள் கையை எடுத்துப் பார்த்தாள்.

"என்னடா, சுவரு இப்படி வேர்க்குது?"

கட்டிலுக்குப் பின்னால் தண்ணீர் கோடு கோடாக வழிந்திருந்தது. தலையணை ஈரம்.

"எல்லாத்தையும் அடைச்சுட்டு கேஸை எரிச்சா ஈரம் எங்கடா போகும்? இதுல படுத்தா பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கும். உனக்குத் தலை வலிக்கல?"

காலையிலிருந்து வலித்துக்கொண்டுதான் இருந்தது. வழக்கமாக வலிப்பதுதான் என்று விட்டிருந்தேன்.

"நாளைக்கு வந்து தொட்டுப் பார்ப்பேன். அப்பவும் ஈரமா இருந்தா, இந்தப் பேச்சையே விட்டுடு தம்பி."

அவள் போனதும் ஏணியில் ஏறிச் சால்வையை உருவினேன். குளிர் முகத்தில் விழுந்தது. ஹீட்டரை அணைக்கவில்லை. சுவரைத் துடைத்தேன், துடைத்த இடம் மறுபடி ஈரமானது, மறுபடி துடைத்தேன். பிறகு ஈரமாகவில்லை.

அடுத்த நாள் அக்கா சொல்லாமலே பிள்ளையையும் கூட்டி வந்தாள். அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மகள் சுவரைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள்.

"அப்பா, அம்மாவோட ஓட்டையை நீ மூடலையா?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

கம்பளித் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.