மாப்பிள்ளைக்கு முக்கோண ரோல்ஸ்

இளமாறன் என் தங்கையை அடித்தது ஒரு மட்டன் ரோல்ஸுக்காக என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ரோல்ஸ் செய்தவள் நான். ஆகவே எப்படிச் சுற்றி வளைத்துப் பேசினாலும் பழி என் தலையில்தான் வந்து விழும். விழட்டும். இன்றைக்குப் பேசுகிற அந்த வாய்களெல்லாம் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும். மென்றுகொண்டிருந்தன.

அப்பா விஸ்வலிங்கத்துக்கு எழுபது வயது நிறைந்தது. சிராங்கூன் சாலையில் ஏதாவது உணவகத்தில் மாடியைப் பிடித்து விருந்தை முடித்துவிடலாம் என்றேன். வினுஷா ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்க்கா. ஆங் மோ கியோவுலயே வைப்போம், நம்ம புளோக்குக்குக் கீழே. வாய்ட் டெக் ஃப்ரீயா கெடச்சா நெறைய பேரைக் கூப்பிடலாம். பகல்லயே வைப்போம். நீ ரோல்ஸ் போடு."

எதிலும் வாய் திறக்காதவள் இவ்வளவு திட்டமாகப் பேசியது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சரி என்றேன். சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் கீழே சுவரில்லாமல் தூண்களோடு திறந்து கிடக்கும் தளத்தைத்தான் வாய்ட் டெக் என்போம்; உட்கார்ந்து ஆடச் சதுரங்கக் கல் மேசைகூட உண்டு.

யாழ்ப்பாண வழி வந்த எங்கள் வீடுகளில் ரோல்ஸ் இல்லாமல் விருந்து கிடையாது. கறியை மையாகக் கொத்தி, உருளைக்கிழங்கும் மிளகும் பண்டான் இலையும் சேர்த்துப் பிரட்டி, மெல்லிய தோசைபோல் சுட்ட மாவில் வைத்துச் சுருட்டி, முட்டையில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. ஒரு கையில் தேநீர், ஒரு கையில் ரோல்ஸ். தட்டுகூட வேண்டாம். நின்றபடியே சாப்பிட்டு நின்றபடியே ஊர்வம்பு பேசலாம். நீளமாக இருந்தால் மட்டன், முக்கோணமாக மடித்திருந்தால் காய்கறி. எங்கள் வீட்டில் யாரும் கேட்டு எடுப்பதில்லை, கைக்கே தெரியும். வெளியாட்களுக்கு இது நேர்மாறு. நீளமாக இருப்பது சீனர்களின் பொப்பியா மாதிரி, உள்ளே காய்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். முக்கோணத்தைப் பார்த்தால் சமோசா, கறி இருக்கும் என்று ஒதுங்குவார்கள்.

இளமாறன் வெளியாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர். வினுஷாவைக் கட்டிக்கொண்டு தெம்பனிஸில் குடியிருந்தான், எங்கள் வீட்டு விருந்துகளுக்கு வருவது அபூர்வம். தைப்பூசத்துக்கு அலகுக் காவடி எடுப்பவன். சிராங்கூன் சாலையில் அவன் முதுகு நிறையக் கொக்கிகளோடு ஆடி வரும்போது வழியில் நிற்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதே ஆள் வீட்டுக்குப் போய் என் தங்கையை அடிப்பான் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அவள் தோளில் ஐந்து விரலும் பதிந்திருந்ததை ஒரு தீபாவளிக்குப் பார்த்தேன். கதவில் இடித்துக்கொண்டாளாம். எந்தக் கதவுக்கு ஐந்து விரல்?

நேராகத் தெம்பனிஸுக்குப் போனேன். "வாங்கக்கா, காபி குடிக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் அம்மா பாப்பாத்தி எனக்கு முறுக்கு வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு ஒருமுறை போலீசைக் கூப்பிட்டபோதும் இதே உபசாரம்தானாம். மருமகள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பாப்பாத்தி சொல்ல, வினுஷா தலையை ஆட்டியிருக்கிறாள்.

"என்கூட வந்துரு" என்று எத்தனையோ முறை கெஞ்சிவிட்டேன்.

"வந்தா தேடி வருவாருக்கா. ரிப்போர்ட் பண்ணா யாரு நம்புவா? காவடி எடுக்கறவரு, கோயில்ல எல்லாருக்கும் வேண்டியவரு. நான் சொல்றது ஒண்ணு, வீட்டுல இருக்கற ரெண்டு பேரு சொல்றது வேற. சாட்சி எங்க?"

அவளை அந்த வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான். எப்படி என்றுதான் தெரியவில்லை.

விருந்து தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. இளமாறன் விரதத்தில் இருந்தான். அவனும் அவனோடு காவடி எடுக்கும் நண்பன் ரமணனும் வருவார்கள் என்று தெரிந்ததால், முக்கோண ரோல்ஸுக்கு மட்டும் முட்டை சேர்க்காமல் மாவைக் கரைத்து முக்கினேன். எண்ணெய்கூடத் தனிச் சட்டியில். அந்த ஆளைப் பிடிக்காது என்பதற்காக முருகனோடு எனக்கென்ன சண்டை? தேக்கா சந்தையில் இருந்து கறி வாங்கி வந்ததும் வினுஷாவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கு முக்கோணம் மட்டும் குடு. மறந்துராதே."

"தெரியும்க்கா" என்றாள்.

நான் தூணுக்குப் பின்னால் கேஸ் அடுப்பை வைத்துப் பொரித்துக்கொண்டிருந்தேன். சூடாகப் போட்டால்தான் ரோல்ஸ். ஆறிவிட்டால் தோல் தொய்ந்துவிடும். ஐம்பது பேருக்குக் குறையாது. அம்மாவின் அண்ணன் சின்னத்தம்பி மாமா, எங்கள் குடும்பத்தின் பெரிய தலை, கேக் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. வினுஷா அவருக்குப் பக்கத்தில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இளமாறன் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கூட்டத்துக்கு நடுவே நின்று, விரதம் இருந்தால் உடம்பு எப்படி லேசாகிறது என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தான்.

ரமணன் என்னிடம் வந்தான்.

"அக்கா, எது வெஜ்?"

"முக்கோணம். நீளமா இருக்கறதைத் தொட்டுராதே, மட்டன்."

ஆறு முக்கோணத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு போனான். போனவன் இளமாறன் முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான், என்ன சாப்பிடறே? நீளமா இருக்கறது மட்டன் லா. இப்பத்தான் அக்கா சொன்னாங்க."

அவன் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பதறிப்போய்ச் சத்தமாகச் சொல்லிவிட்டான். பிரசங்க மும்முரத்தில் ருசி பார்க்காமல் கடித்த பாதி நீள ரோல்ஸ் இளமாறன் கையில் இருந்தது, தட்டில் இன்னொன்று. யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொருவர், "அப்ப இந்த வருஷக் காவடி அவ்வளவுதான்" என்றார். இளமாறன் வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பினான். அந்தக் கையை மேசை விரிப்பில் துடைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் எண்ணெய் பொங்கியது. குனிந்து அடுப்பைத் தணித்தேன்.

நிமிர்வதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

காதோடு சேர்த்து அறைந்திருக்கிறான். தேநீர்க் கோப்பைகள் தட்டோடு தரையில் சிதறின. வினுஷா பக்கத்திலிருந்த சதுரங்கக் கல் மேசையின் விளிம்பில் போய் மோதி, கீழே சரிந்தாள். பின்னலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். வாயில் ஒன்று. மீண்டும் அதே இடத்தில் இன்னொன்று. ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

"வேணும்னே குடுத்தியாடி? நாலு பேரு முன்னாடி என்னைக் கேவலப்படுத்தணும்னே குடுத்தியா?"

அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அது அவனுக்கு இன்னும் வெறியை ஏற்றியது. தலையைப் பிடித்துக் கல் மேசையில் இடித்தான்.

ஐம்பது பேர் இருந்தார்கள் என்றேன் அல்லவா? சின்னத்தம்பி மாமா அவளிடமிருந்து கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு அத்தை குடுகுடுவென்று ஓடினார். அடிப்பவனைப் பிடிக்க அல்ல, கேக் கவிழாமல் பிடிக்க. சிலர் குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று ஒரு குரல் சொன்னது. யார் குரல் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் இன்னொரு சண்டை வரும்.

எழுந்தவர் அப்பா ஒருவர்தான். எழுபது வயது, முழங்கால் இரண்டும் போனவர். "தம்பி, விடுங்க தம்பி" என்று போய் அவன் கையைப் பிடித்தார். இளமாறன் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் ஒரு இடி இடித்தான். அப்பா நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார்.

நான் எண்ணெய்க்குள் கிடந்த ஜல்லிக்கரண்டியோடு ஓடினேன். எண்ணெய் வடிந்துகொண்டிருந்த அந்தக் கரண்டியை அவன் பிடரியில் வைத்து ஒரே போடு போட்டேன். தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. அலறினான். இன்னொன்று முதுகில் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது இனித்தது. இத்தனை வருஷமும் காபி குடித்துவிட்டு வந்ததற்கெல்லாம் சேர்த்து அடித்தேன். மூன்றாவதாக ஓங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. என்னைத் தூக்கி ரோல்ஸ் மேசைமேல் எறிந்தான். மேசையின் கால் மடிந்து, தட்டுகளோடு சேர்ந்து நானும் தரையில் விழுந்தேன். அவன் திரும்பிப் போய், கீழே கிடந்தவளின் விலாவில் செருப்புக்காலால் உதைக்க ஆரம்பித்தான்.

கடைசியில் அவனை நிறுத்தியது எங்கள் ஆள் இல்லை. இரண்டாவது மாடியில் இருக்கும் உம்மு சல்மா. விருந்துக்கு அழைக்க நான் மறந்துபோன பக்கத்து வீட்டுக்காரி. சத்தம் கேட்டுப் போலீசுக்குப் போன் செய்துவிட்டு, வீடு துடைத்த தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு படியில் இறங்கி வந்திருக்கிறார். நாய்ச் சண்டையைப் பிரிப்பதுபோல் அந்த அழுக்குத் தண்ணீரை அவன் முகத்தில் வீசினார். அவன் கண்ணைத் துடைப்பதற்குள் வாளியாலேயே தாடையில் ஒன்று கொடுத்தார். பிறகு வினுஷாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"வா. இப்ப அடி பார்ப்போம்" என்றார்.

அவன் தள்ளாடினான். தள்ளாடியவனைப் பிடிக்க அப்போது மட்டும் எங்கிருந்தோ நான்கைந்து ஆண்பிள்ளைகளுக்கு வீரம் வந்துவிட்டது. ரமணன்தான் முதலில் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்துக் கீழே அமுக்கினான். அழுதுகொண்டே அமுக்கினான்.

போலீஸ் வந்தபோது இளமாறனின் குரல் மாறியிருந்தது. "ஃபேமிலி மேட்டர் சார், கொஞ்சம் கோபப்பட்டுட்டேன்" என்றான். ஆனால் இந்தமுறை காபியும் முறுக்கும் இல்லை. ரமணன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். உம்மு சல்மா சொன்னார். எடுத்த படங்களையெல்லாம் போலீசார் கேட்டு வாங்கினார்கள். கைவிலங்கு மாட்டி அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டு வினுஷாவின் கட்டிலுக்கு அனுப்பினார்கள். விலா எலும்பு இரண்டு போயிருந்தது. இடது செவிப்பறை கிழிந்திருந்தது. உதட்டில் தையல். முகம் வீங்கி யாரோபோல் இருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும், "அக்கா, என் ஹேண்ட்பேகைக் குடு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். உள்ளே கையை விட்டுக் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அதைத் திறந்து, கண்ணாடியை எடுத்து மெதுவாக மாட்டிக்கொண்டாள். அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பவரின் முகம்கூட அவளுக்கு மங்கல்தான். தூங்கப் போகும்போதுதான் கழற்றுவாள்.

கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது எப்படி உடையாம இருக்கு?"

அவள் கூட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"எப்பக் கழட்டினே, வினு?"

"ரமணன் அவருகிட்டச் சொன்னப்ப" என்றாள். உதடு வலித்ததால் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "ரோல்ஸை நான்தான் எடுத்துக் குடுத்தேன். எது வெஜ்னு கேட்டாரு. நீளமா இருக்கறதுன்னு சொன்னேன்."

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்குள்ள எவ்வளவு அடிச்சாலும் வழுக்கி விழுந்தேன்னுதானேக்கா ஆகுது. வெளியில, எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு தடவை அடிச்சாப் போதும்னு நெனச்சேன். வேற எதுக்கும் அவருக்கு வெளியில கோபம் வராது. இதுக்கு வரும்."

"செத்திருப்பேடி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ அவரைக் கிட்டவே விட்டிருக்க மாட்டே."

உண்மைதான். விட்டிருக்க மாட்டேன். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அவளை அறைய வேண்டும்போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் அவள் உடம்பில் இடம் இல்லை. தலைமுடியை மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

"இவ்வளவு ஆகும்னு நெனக்கலக்கா" என்றாள். "ஒண்ணு விழுந்ததுமே யாராவது புடிச்சிருவாங்க, மிஞ்சிப் போனா ரெண்டுன்னு நெனச்சேன். எல்லாரும் நம்ம சொந்தம்தானே. அதுக்குத்தான் அத்தனை பேரைக் கூப்பிடச் சொன்னேன். சின்னத்தம்பி மாமா பக்கத்துல போய் நின்னதும் அதுக்குத்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கண்ணாடி இல்லாததால யாரு என்ன பண்ணாங்கன்னே தெரியல. மாமா எழுந்தாராக்கா?"

நாற்காலியில் இருந்தபடியே தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னுக்கு நகர்ந்தது என் கண்முன்னால் வந்தது.

"எழுந்தாரு" என்றேன். "எல்லாரும்தான் எழுந்தாங்க. புடிச்சாங்க. அவன்தான் யாருக்கும் அடங்கல."

வினுஷா தலையணையில் சாய்ந்துகொண்டாள். தையல் போட்ட உதட்டோடு சிரிக்கப் பார்த்தாள்.

"தெரியும்க்கா" என்றாள். "நம்ம ஆளுங்க விட்டுர மாட்டாங்க."