குப்பைக்குப் போன குரல்

என் அண்ணன் கரோக்கி கடை நடத்துகிறான். கடை என்றால் மாடியில் ஒரு அறை, இரண்டு கணினி, ஒரு தண்ணீர் கேன். பாட்டைப் போட்டால் ஏஐ மென்பொருள் குரலைத் தனியாகவும் இசையைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்துவிடும். இசை விற்பனைக்கு, குரல் குப்பைக்கு. 'குப்பை' என்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பிரித்து முடித்த ஒரிஜினல் பாட்டும் அதில்தான் போகும். "நம்மகிட்ட இருந்தா எவனாவது கேஸ் போடுவான்" என்பான் அண்ணன். தினமும் காலையில் வந்ததும் அதைச் சுத்தமாக அழிப்பது என் வேலை.

இன்னொரு வேலை, இசையில் குரல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேட்பது. அதைக் கசிவு என்போம். என் காதுக்கு எதுவும் தப்பாது, ஏனென்றால் நான் பாடகி. அண்ணன் இதை யாரிடமும் சொல்வதில்லை. நான் வாயைத் திறந்தால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பத்து வருடத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷனில் குரல் போய்விட்டது. இப்போது பேசுவது தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் கேட்டதெல்லாம் இந்தத் தகரத்தைத்தான். "உங்கம்மா ஆம்பளை மாதிரி பேசறாங்க" என்று பள்ளியில் யாரோ சொல்ல, அழுதுகொண்டே வந்தாள்.

"நெஜமாவே நீ பாடுவியாம்மா?"

"பாடுவேன்டி. கேக்க வைக்கறேன் பாரு" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

நான் பாடிப் பதிவானது ஒரே ஒரு பாட்டு, அதுவும் வெளியே வரவில்லை. அதில் கீபோர்டு வாசித்தவரிடம் மட்டும் இருந்தது. பழைய கணினியைத் தூக்கிப் போடுமுன் பாட்டைக் கடைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அண்ணனிடம் மூன்று முறை சொல்லி வைத்தேன்.

"வந்ததும் தரேன், விடு. என் தங்கச்சி பாட்டு எனக்குத் தெரியாதா?" என்றான்.

மகளுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த காலையில் குப்பையில் அறுபத்தோரு ஃபைல். பெயர் கிடையாது, எல்லாம் நம்பர். வழக்கம்போல் எதையும் கேட்காமல் அழித்தேன்.

அடுத்த வாரம் பாட்டு வாங்கிய ஒரு அம்மாவிடமிருந்து புகார் வந்தது. 'ரெண்டாவது சரணத்துல யாரோ பொம்பளை முனகறாங்க. எடுத்துக் குடுங்க.' ஹெட்போனை மாட்டினேன். தொடக்க இசையிலேயே தெரிந்துவிட்டது. என் பாட்டு. இரண்டாவது சரணத்தில், வயலினுக்கு அடியில், ஏழு நொடி நான் இருந்தேன்.

"அண்ணா, இது எப்ப வந்துச்சு?"

"நீ லீவுல இருந்தப்ப. யார்கிட்டயும் இல்லாத பாட்டாச்சே, நல்லாப் போகும்னு உடனே பிரிச்சுப் போட்டேன். குரலை நீயே எடுத்து வெச்சுப்பேன்னு நெனச்சேன்."

"எங்கேர்ந்து எடுத்து வெச்சுப்பேன்?"

கீபோர்டுக்காரருக்குப் போன் போட்டேன். கணினி பழைய இரும்புக்காரரிடம் போய் நாலு நாள் ஆகியிருந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றான் அண்ணன், திரையைப் பார்த்தபடி. "அந்தம்மா உயிரை எடுக்கறாங்க. அதைக் கிளீன் பண்ணி அனுப்பிடு."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. உலுக்கி என்ன ஆகப்போகிறது? அழித்தது என் விரல்தானே. அந்த ஏழு நொடியை, முன்னால் கொஞ்சம் வயலினோடு சேர்த்து, என் போனில் ஏற்றிக்கொண்டேன். பிறகு கிளீன் செய்து அனுப்பினேன். ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்.

சாயங்காலம் மகளை மேஜையருகே உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"ரொம்ப மெல்லமா இருக்கும். காதைக் குடுத்துக் கேக்கணும், சரியா?"

தலையாட்டினாள். சத்தத்தை முழுக்க ஏற்றிப் போட்டேன். திரையில் நொடி ஓடியது. அவள் பாட்டைக் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் உதடு நடுங்கியிருக்க வேண்டும்.

"சூப்பராப் பாடியிருக்கேம்மா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் குரல் வருவதற்கு இன்னும் நாலு நொடி இருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.