யோனா பிடுங்கிய பலகைகள்

கல்லறைப் பலகையில் கோவேறு கழுதையைக் கட்டக் கூடாது என்று போதகர் ஹைரம் பக்னருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கட்டுவதற்கு அங்கே வேறு எதுவும் மிச்சமில்லை. தேவாலயத்தைச் சுற்றியிருந்த வேலிக் கட்டைகளை ஒரு படை வந்து அடுப்பெரித்துவிட்டுப் போயிருந்தது. ஓக் மரங்களை மற்றப் படை வெட்டிக்கொண்டு போயிருந்தது. செத்தவர்களிடம் திருட இரண்டுக்குமே கூச்சமாக இருந்திருக்கும் போல, பலகைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஹைரமுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க தம்பிகளா," என்று சொல்லிவிட்டு, அடுத்தடுத்து நின்ற இரண்டு பலகைகளையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். கதவு திறக்கிறதா என்று பார்க்கப் போனார்.

கழுதையின் பெயர் யோனா. போகச் சொன்ன ஊருக்குப் போகாது என்பதால் அவரே வைத்த பெயர். கூரையிலிருந்து ஒரு காகம் எழும்பியதுதான் தாமதம், யோனா மிரண்டு ஓடியது. அடியில் உளுத்திருந்த பலகைகள் இரண்டும் பல் மாதிரி பிடுங்கிக்கொண்டு வந்தன. அவற்றைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு அது மயானத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. பின்னாலேயே ஐம்பத்திரண்டு வயதுப் போதகர், தொப்பி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்.

கடைசியில் அவர் கையில் இரண்டு பலகைகள் இருந்தன. காய்ச்சிய கம்பியால் சுட்டு எழுதிய பெயர்கள். ஈனோஸ் லெட்பெட்டர். டாயல் கார்லண்ட். இரண்டின் கீழும் 1864 ஜனவரி. எதிரே இரண்டு மேடுகள், ஒரே நீளம், ஒரே புல். இந்த மலைப்பக்க வழக்கப்படி இரண்டின் மேலும் உடைந்த பீங்கான் துண்டு பதித்திருந்தது. அதுகூட ஒரே நீலக் கோப்பையின் ஆளுக்கொரு பாதி. எந்தப் பலகை எங்கே நின்றது? தலையைச் சொறிந்தார். வலது கை பழக்கத்தில் ஈனோஸை வலப் பக்கமும் டாயலை இடப் பக்கமும் நட்டார். மண்ணைக் காலால் மிதித்துச் சமன் செய்தார். சுற்றிலும் யாரும் இல்லை.

"கர்த்தருக்குத் தெரியும்," என்றார் கழுதையிடம். கர்த்தர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்.

பெயர்களை இன்னொரு தடவை படித்தார். ஐந்து வருஷத்துக்கு முன், டென்னஸி மாநிலம் யூனியனை விட்டுப் பிரியலாமா என்று ஓட்டுப்போட்ட வாரத்தில், இதே தேவாலயத்தில் அவர் பிரசங்கம் செய்தார். "நாட்டை விட்டு மாநிலம் போகுது. மாநிலத்தை விட்டு நம்ம மலை மாவட்டம் போகப் பாக்குது. மாவட்டத்தை விட்டு இந்தப் பக்கீ பள்ளத்தாக்கும் போகலாம்னு நாலு பேர் பேசிக்கிறாங்க. என் யோனா இன்னிக்குக் காலைல என்னை விட்டே போயிடுச்சு. பிரியறதுல முன்னோடி அதுதான்!" சபையே சிரித்தது. பின் பெஞ்சில் இரண்டு பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள்தான் இந்த ஈனோஸும் டாயலும்.

அடுத்த மாதம் சண்டை இந்த மலைகளுக்கும் வந்தது. ஈனோஸ் மலை தாண்டி கென்டக்கிக்கு ஓடி யூனியன் படையின் நீலச் சட்டை போட்டான். டாயலைப் பிடித்துக்கொண்டு போய், பிரிந்துபோன மாநிலங்களின் சாம்பல் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஹைரம் இண்டியானாவில் அக்கா வீட்டுக்கு ஓடி, யுத்தம் முடியும்வரை சோளம் உரித்தார். வீரத் தழும்பு என்று கட்டைவிரலில் ஒரு கொப்புளம் உண்டு.

இப்போது 1866, செப்டம்பர். இந்தப் பக்கம் செத்தவனை அன்றைக்கே புதைத்துவிடுவார்கள். ஈமப் பிரசங்கம் போதகர் வரும்போது. போதகர் ஐந்து வருஷமாக வரவில்லை. ஆகவே நாளை ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தாக்கின் ஐந்து வருஷத்துச் சாவுக்கும் சேர்த்து ஒரே பிரசங்கம்.

தங்குவதற்கு மோஸ் பிக்கன்ஸ் வீட்டுக்குப் போனார். மோஸ் தச்சர், ஊருக்கே மாமா. வழியில் வீடு இருந்த இடங்களில் புகைபோக்கி மட்டும் நின்றது. எந்த நாயும் குரைக்கவில்லை. வாசற்படலை நெருங்கியதும் எப்போதும்போலக் கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"மோஸ் மாமா! ஏ, மோஸ் பிக்கன்ஸ்! வீட்டுல யாரு?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த ராட்டை சட்டென்று நின்றது. நாற்காலி ஒன்று உருளும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. மரச்சுவரின் இடுக்கிலிருந்து துப்பாக்கிக் குழல் ஒன்று மெதுவாக நீண்டது.

"யாரு?"

"நான்தான் மாமா. பசியோட வந்திருக்கிற போதகர்."

"பசின்னு சொன்னா எப்படி அடையாளம் தெரியும்? எல்லாப் போதகரும் பசியோடதான் வர்றான்."

"ஹைரம் பக்னர்! கழுதைப் போதகர்!"

குழல் உள்ளே போனது. கதவைத் திறந்த மோஸின் தாடி முழுக்க நரைத்திருந்தது. உள்ளே அவர் மனைவி தரையிலிருந்து எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, போதகரய்யா," என்றார் மோஸ். "அப்படிக் கூப்பிட்டு வெளிய போனவன் எவனும் உள்ள திரும்பி வந்ததில்ல."

"பின்ன எப்படி வர்றதாம்?"

"சும்மா நிக்கணும். உள்ள இருக்கிறவங்களே பாத்துட்டு வருவாங்க."

சோள ரொட்டியும் பாகும், வறுத்த கோதுமையில் போட்ட காப்பியும் வந்தன. ஹைரம் பேச்சோடு பேச்சாகத் தூண்டில் போட்டார்.

"ஈனோஸும் டாயலும் பக்கத்துப் பக்கத்துலயே படுத்திருக்காங்களே. யாரு வலது, யாரு இடது?"

"யாரு கேக்கறது?"

"நான்தான்."

"எந்தப் பக்கம் நின்னு பாக்கறீங்க?"

"ஓடைப் பக்கம்."

"அங்க நிக்காதீங்க, சேறு," என்றார் மோஸ். "மழை வரும் போலவும் இருக்கு."

வெளியே வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

நான்கு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கு கற்ற பாடம் அது. எவனோ ஒருத்தன் குதிரையில் வருவான், சட்டை நிறம் தெரியாது. நீ யார் பக்கம் என்பான். நேரான பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் மரத்தில் தொங்கினார்கள். மிச்சப் பேர் மழையைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது ஜூபல் ஹென்ஸ்லி வந்தான். யூனியன் படையில் கார்ப்பரலாக இருந்தவன். இடது சட்டைக் கை காலியாக மடித்துக் குத்தியிருந்தது. அவன் கூப்பிடவில்லை. படலுக்கு வெளியே நின்றான், மோஸ் போய் அழைத்துவந்தார்.

"நாளைக்கு நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு போதகரய்யா. அந்தக் கார்லண்ட் பயலைத் தோண்டி எடுத்து ஓடைக்கு அந்தாண்ட போடப்போறோம். எங்க ஆளுங்களுக்கு நடுவுல ஒரு கலகக்காரன் படுத்திருக்க வேண்டாம்."

ஹைரம் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அவன் சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"எல்லாரும் டெக்சாஸ் போயாச்சு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஆள் மாறிடப் போகுதுப்பா."

"பலகைல பேரு இருக்கே," என்றான் ஜூபல். "தப்பே வராது."

அவன் போனதும் ஹைரம் நடந்ததைக் கொட்டிவிட்டார். யோனா, காகம், முடிச்சு எல்லாம். மோஸ் சிரிக்கவில்லை. கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெட்டி செஞ்சது நீங்கதானே மாமா? உங்களுக்குத் தெரியாதா?"

"பெட்டி செஞ்சேன்."

"உள்ள யாரு இருந்தா?"

"மூடின பெட்டிக்குத்தான் ஆணி அடிச்சேன்." மோஸ் எழுந்தார். "டெல்ஃபியாகிட்டப் போய்ச் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் கேக்காதீங்க."

டெல்ஃபியா லெட்பெட்டர் ஈனோஸின் அம்மா, விதவை. நாளைக்கு அவளுடைய ஒரே பிள்ளையை, யூனியனுக்காகப் போனவனை, ஓடைக்கு அந்தப் பக்கம் குப்பை மாதிரி கொட்டப்போகிறார்கள். கொட்டாமலும் போகலாம். காசைச் சுண்டிவிட்ட கதை. சுண்டியது தான்தானே என்று நினைத்தபோது, பின் பெஞ்சுச் சிரிப்பு அவர் காதுக்குள் கேட்டது. படுத்த பிறகும் அது நிற்கவில்லை.

காலையில் டெல்ஃபியா வீட்டுப் படலருகே போய் நின்றார். வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலில் ஒரு முகம் வந்து போனது. சற்றுக் கழித்து அவள் வெளியே வந்தாள், கையில் துணி போர்த்திய ஆப்பிள் அடுக்கு கேக்.

"வாங்க போதகரய்யா. நடந்துகிட்டே பேசுவோம். ஜனங்க வந்துடும்."

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு…"

"இந்த வருஷம் அவரைக்கொடி நல்லாக் காய்ச்சிருக்கு," என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு மூலைக்கல்லுக்கு நடுவே கருத்துப்போன தரை. கொட்டகை இருந்த இடம். குறுக்கே போனால் பாதை குறுகும். அவள் போகவில்லை. சுவர் இன்னும் நிற்பதுபோல, கையை லேசாக நீட்டித் தடவிக்கொண்டே மூலை மூலையாகச் சுற்றி நடந்தாள். கதவு இருந்திருக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று காது கொடுத்தாள். ஹைரமும் நின்றார். மேலே வெறும் வானம்தான். ஆனாலும் அவருக்கு அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"உங்க கழுதைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க," என்றாள் திடீரென்று. "ஈனோஸ் உங்களை மாதிரி பேசுவான். டாயல் கழுதையா நடிப்பான். சத்தம் போடாதீங்கடான்னு நான் கீழ இருந்து அதட்டுவேன்."

"எப்பக்கா இது? சண்டைக்கு முன்னாடியா?"

"கேக் சரியாம வந்தாப் போதும்," என்றாள் அவள்.

மயானத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. பெண்கள்தான் அதிகம். ஜூபலும் அவன் ஆட்கள் மூன்று பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள். டாயல் என்று எழுதிய பலகைக்குக் கீழே முதல் மண்வெட்டி இறங்கப் போனபோது ஹைரம் வேகமாகப் போய் அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையில் ஈரம் ஏறியது.

"எழுந்திரிங்க போதகரய்யா."

"எழுந்திரிக்கறேன். முதல்ல ஒரு விஷயம். நான் இந்தப் பலகைல கழுதையைக் கட்டினேன்."

எல்லாவற்றையும் சொன்னார். காகத்தைச் சொன்னார், இரண்டு சுற்று ஓடியதைச் சொன்னார். எந்தச் சபையும் விழுந்து சிரித்திருக்க வேண்டிய கதை. ஒருவர் உதடும் அசையவில்லை.

ஜூபலின் முகம் சிவந்தது. "அப்ப எது கலகக்காரன்?" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "இங்கயே கிடந்தவங்கதானே நீங்கல்லாம்? யாருக்காவது தெரியுமா, தெரியாதா?"

"மழை வரும் போல இருக்கு," என்றாள் ஒருத்தி.

மோஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஹைரமுக்கு உறைத்தது. இவர்கள் தன்னிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. யாரையோ சுற்றி அரணாக நிற்கிறார்கள்.

தொப்பியைக் கழற்றினார். அவர் குரலில் விளையாட்டு இல்லை. "டெல்ஃபியா அக்கா, தப்பு என்னோடது. மன்னிச்சுக்க. ஆனா இப்ப நீதான் சொல்லணும். இதுல உன் பிள்ளை எது?"

அவள் கேக்கைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். வானத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றாள். "ரெண்டு பேரும் அவங்கவங்க படையை விட்டு ஓடி வந்து, என் கொட்டகைப் பரண்லதான் ஒண்ணா ஒளிஞ்சிருந்தாங்க. ஒரே கோப்பைல மாத்தி மாத்திக் காப்பி குடிப்பாங்க. எவனோ வந்து ஈனோஸ் பேரைச் சொல்லி வாசல்ல நின்னு கூப்பிட்டான். யாரும் வெளிய வரலைன்னதும் நெருப்பு வெச்சான். அணைஞ்சப்புறம் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி கிடந்துச்சு. ரெண்டையும் என் பிள்ளைன்னுதான் துடைச்சேன். ரெண்டையும் என் பிள்ளைன்னுதான் மண்ணுல வெச்சேன். பலகையக் கை போன பக்கம் நட்டேன், உங்களை மாதிரியேதான் போதகரய்யா. தோண்டணும்னா தோண்டு ஜூபல், நான் தடுக்கல. ஆனா அதுக்கு முன்னாடி எது என்னுதுன்னு எனக்குக் காட்டிட்டுத் தோண்டு. நானும் ரெண்டரை வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."