டப்பா மூடியில் இருந்த தூக்கம்

குழந்தை மாவு டப்பாவின் மூடியில் கன்னத்துக்கு அடியில் கைவைத்துத் தூங்குகிற குழந்தை, எங்கள் தெரு இஸ்திரிக்காரிதான். பத்து மாதக் குழந்தையாக அந்தப் படத்துக்குப் படுத்த நாளிலிருந்து நாற்பத்தாறு வயதுவரை அவள் பொட்டுத் தூக்கம் தூங்கியதில்லை. அவளுடைய அப்பா மாவுக் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டியவர். படத்துக்காக வரவழைத்த குழந்தைகளெல்லாம் விளக்கு வெளிச்சத்தைக் கண்டு வீறிட்டு அழ, “எங்க வீட்டுது எங்க போட்டாலும் தூங்கும் சார்” என்று அவர் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தார். சொன்னபடியே மெத்தையில் போட்டதும் குழந்தை தூங்கியது. படம் எடுத்ததும் கண்ணைத் திறந்தது. அதோடு சரி. பல் முளைக்கிறது என்றார்கள், வயிற்றில் பூச்சி என்றார்கள், ஒரு வருடம் போனதும் ஏதாவது சொல்வதையே விட்டுவிட்டார்கள். அந்த மாவைக் கொடுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று நாடெங்கும் தாய்மார்கள் சொல்லிக்கொண்டார்கள். மாவில் ஒன்றுமில்லை. மாவு தீர்ந்து, டப்பாவில் பொத்தானும் ஊசியும் போட்டு வைத்திருந்த வீடுகளிலும் பிள்ளைகள் நன்றாகத்தான் தூங்கினார்கள். இவளுடைய தூக்கம்தான் அந்த மூடிப் படத்துக்குள் போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

தூங்காதவளுக்கு வேலைக்கா பஞ்சம்? பகலெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள். இரவில் தெரு அவளை எடுத்துக்கொண்டது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பக்கத்தில் உட்கார அவள், ஆஸ்பத்திரியில் துணைக்கு அவள், விடிகாலை வண்டி பிடிக்கிறவர்களை எழுப்ப அவள். எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்ததில்லை. ஆளுக்கொரு விதமாக எழுப்புவது அவளுடைய கைப்பழக்கம். பஸ் டிரைவருக்குக் கால் கட்டைவிரலை அழுத்துவாள், நர்ஸம்மாவுக்கு அன்றைக்கு என்ன கிழமை என்று காதில் சொல்வாள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். இவள் இரண்டாவது ரகத்தையும் எழுப்பிவிடுவாள். ‘முழிச்சி’ என்று பெயர் வைத்தது எங்கள் தெருதான், அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

அவளை அதிகம் எடுத்துக்கொண்டது பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார். நாத்தனாரின் மாமனார் படுத்த படுக்கையாகி வருடங்கள் ஆகியிருந்தன. இரவில் அவரை அவ்வப்போது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நாத்தனார் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு “அண்ணி, வரீங்களா?” என்று சுவர் வழியாகக் குரல் கொடுப்பாள். பிறகு நிம்மதியாகப் படுத்துவிடுவாள். முழிச்சியின் கணவர் பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர். கெட்டவர் இல்லை. விடியும்போது டீ தயாராக இருக்கும், இரவில் கழற்றிப் போட்ட மோட்டார் துடைத்துச் சுத்தமாக இருக்கும். அதற்குப் பழகிப்போன மனிதர், அவ்வளவுதான்.

தூக்கம் வராதே தவிர அசதி வராமல் இருக்குமா? அவளுக்கு அசதி இறங்கவே வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போனது, கடைசியில் எடையிலேயே தெரிந்தது. ஒல்லியான உடம்புதான். ஆனால் டாக்டர் வீட்டு எடை மெஷினில் ஏறினால் முள் ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அவள் உட்கார்ந்த நாற்காலிகள் வளைந்தன. நடந்த தரையில் ஓடு விரிசல் விட்டது. சலவைக்கடை முதலாளி அவள் நிற்கிற இடத்துக்கு மட்டும் இரும்புத் தகடு போட்டுக் கொடுத்தார். நாங்கள் அதையும் பார்த்துவிட்டு, துணியை மடித்து வாங்கிக்கொண்டு போனோம்.

கம்பெனி தன் பழைய ஆலையை அருங்காட்சியகமாக மாற்றி, அந்தக் குழந்தையின் அசல் படத்தை அங்கே மாட்டியிருப்பதாக டிவியில் விளம்பரம் வந்தது. முழிச்சி அதைப் பார்த்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அங்க போகணும். என் தூக்கத்தைத் திருப்பிக் கேக்கணும்.”

கணவர் கம்பிச் சுருளை எடுத்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடமாகியிருந்த மகள், “போலாம்மா, போய்க் கேக்கலாம்” என்றாள். செய்தி சுவரைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும்? நாத்தனார் வந்து நின்றாள்.

“சுத்திப் பாக்கப் போறதுன்னா நானும் வரேன் அண்ணி. கேக்கறது கீக்கறதுன்னு கிளம்பாதீங்க. தூங்காம இருந்து உங்களுக்குப் பழகிப்போச்சு. எங்களுக்குத்தான் பழகாது.”

இப்படி முகத்துக்கு நேரே சொல்கிற மனுஷியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் தெருவே மனதுக்குள் நினைத்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள். மாமனாரை லீவு போட்டுப் பார்த்துக்கொள்ளும்படி கணவனிடம் ஒப்படைத்துவிட்டு, காரியத்தைக் கெடுப்பதற்கென்றே கிளம்பினாள்.

சலவைக்கடையின் டெலிவரி வேனை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஓட்டியது முழிச்சி. தூங்காதவள் இருக்கும்போது வேறு யாராவது ஓட்டுவார்களா? டிரைவர் பக்கத்து டயர்கள் பாதி அமுங்கியே ஓடின. கணவர், மகள், நாத்தனார் மூவரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். நெடுஞ்சாலையில் அந்தக் குழந்தையின் விளம்பரப் பலகைகள் இருந்தன. பார்த்தவருக்குக் கண் சொருகும் என்பதால் ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் ‘எதிர்ப்பக்கம் பார்த்து ஓட்டவும்’ என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. லாரிக்காரர்கள் கண்ணுக்குப் பக்கவாட்டில் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு போனார்கள். முழிச்சி மட்டும் ஒவ்வொரு பலகையையும் நிதானமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். மகள் இடையில் ஒருமுறை விழித்து, “கோவமாம்மா அது மேல?” என்று கேட்டாள். “கோவம் இல்ல. பொறாமை” என்றாள் அம்மா. இரண்டாம் நாள் நாத்தனாரின் கணவன் ஃபோன் செய்தான். ஒரே இரவில் அவன் குரல் கிழவனின் குரலாகியிருந்தது. நாத்தனார் ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

அருங்காட்சியகம் மற்ற அருங்காட்சியகங்கள் மாதிரிதான் இருந்தது. வாசலில் டிக்கெட், ஆளுக்கொரு சின்னக் கரண்டி மாவு, வறுக்கும் பீப்பாய்கள், சலிக்கும் துணிகள், காலம் காலமாக வந்த டப்பாக்கள் கண்ணாடிக்குள் வரிசையாக. நாத்தனார் ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்று ஒரு வரி விடாமல் படித்தாள். மூடுகிற நேரம் வந்துவிட்டால் கேட்காமலேயே திரும்பிவிடலாம் என்பது அவளுடைய திட்டம். சல்லடைக் கண்காட்சியில் அவள் காட்டிய ஆர்வத்தைப் பார்த்து, அங்கே வேலை செய்கிற பெண்ணே நெகிழ்ந்துபோனாள். முழிச்சி கால் கடுக்க நின்றாள். அவள் நின்ற இடங்களிலெல்லாம் மரத்தரை முனகியது.

அசல் படம் கடைசி அறையில் இருந்தது. காவலாளிகள் அங்கே ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மாற்றி மாற்றிக் கொஞ்ச நேரம்தான் நிற்பார்கள். உள்ளே போய்த் தூங்கிவிடுகிற பார்வையாளர்களை மாவு மூட்டை வண்டியில் ஏற்றி, பின்பக்கப் புல்வெளியில் இறக்கிவிடுவார்கள். அன்றைக்கும் ஒரு பள்ளிக்கூட வகுப்பு முழுதும் ஆசிரியையோடு அங்கே கிடந்தது. கணவரும் மகளும் நாத்தனாரும் அறை வாசலிலேயே முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். முழிச்சி தனியாக உள்ளே போனாள்.

என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாளாம். நேரில் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கேட்டு வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை. அவளுக்குத் தெரிந்தது எழுப்புவதுதான். குனிந்து, சட்டத்தின் கண்ணாடிமேல் கைவைத்து, தேர்வுக்குப் போகிற பிள்ளையை எழுப்புகிற அதே குரலில், “எந்திரிம்மா. நேரமாச்சு. நான் கொஞ்சம் படுக்கணும்” என்றாள்.

படத்திலிருந்த குழந்தை சிணுங்கியது. கையைக் கன்னத்திலிருந்து எடுத்தது. பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. முழிச்சி அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தூங்கிப்போனாள். பின்பக்கப் புல்வெளியில் ஒரு வகுப்பு முழுதும் எழுந்து தண்ணீர் கேட்டது.

கொஞ்ச நேரத்திலேயே மேலாளர் ஃபோனும் கையுமாக ஓடிவந்தார். ஆலையில் அடுக்கி வைத்திருந்த மூடிகள், கடைகளில் இருந்த டப்பாக்கள், நெடுஞ்சாலைப் பலகைகள் எல்லாவற்றிலும் குழந்தை விழித்துவிட்டது என்றார். “தயவு செஞ்சு அவங்களை எழுப்புங்க. நாடு பூரா குழந்தைங்க முழிச்சிக்கிட்டு அழுதுங்க” என்றார்.

“எழுப்புண்ணே” என்றாள் நாத்தனார். “இன்னிக்கு ராத்திரியே நாம வீட்டுக்குக் கிளம்பணும். எங்க மாமனாரை யாரு பாக்கறது? எனக்கு முடியாதுண்ணே. சத்தியமா என்னால முடியாது.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். பொய் அழுகை இல்லை.

கணவர் மனைவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அத்தனை வருடத்தில் அவள் தூங்குகிற முகத்தை அவர் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, நெற்றிச் சுருக்கம் போயிருந்தது, வேறு யாரோ மாதிரி இருந்தாள். தோளைத் தொட்டு உலுக்கத்தான் கையைக் கொண்டுபோனார், அதை அவரே பின்னால் எங்களிடம் ஒப்புக்கொண்டார். விடியற்காலை டீ வரை எல்லாம் மனதில் ஓடியது என்றார். பிறகு கையை இறக்கி, அவள் காலிலிருந்த செருப்பைக் கழற்றினார்.

“யாரும் தொடக்கூடாது” என்றார்.

மேலாளர் பெரிய இடத்துக்கெல்லாம் ஃபோன் போட்டார். கணவர் காதில் வாங்கவில்லை. மூட்டை வண்டி கொண்டுவரச் சொன்னார்கள், தேவைப்படவில்லை. அசதியெல்லாம் தரைக்கு இறங்கிவிட்டிருந்தது. அவள் உட்கார்ந்த இடத்தில் மரப்பலகை குழிந்திருந்தது. அவர் அவளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பும் வழியில் அவரும் மகளும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வழி தவறினார்கள், கண் எரிந்து ஓரமாக நிறுத்தினார்கள், யார் அடுத்து ஓட்டுவது என்று சண்டை போட்டார்கள். நாத்தனார் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தாள். ஆனால் பள்ளத்தில் வேன் குதித்தபோது அண்ணியின் தலை இடிக்காமல் கையைக் கொடுத்தது அவள்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. கம்பெனி ஓவியர்களை வைத்துக் குழந்தைக்கு மூடிய இமை வரைந்து பார்த்தது, மறுநாள் காலையில் குழந்தை திறந்த கண்ணோடு சிரித்தது. கடைசியில் ‘சுறுசுறுப்பான குழந்தைக்கு’ என்று வாசகத்தை மாற்றினார்கள், விற்பனை ஒன்றும் குறையவில்லை. நாடெங்கும் அம்மா அப்பாக்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக் கற்றார்கள். எங்கள் தெருவில் பஸ் தாமதமாகக் கிளம்பியது, நர்ஸம்மா வேறு ஷிஃப்டுக்கு மாறினார், எல்லோர் வீட்டிலும் அலாரம் வந்தது. காய்ச்சல்காரர்கள் பக்கத்தில் நாங்களே உட்கார்ந்தோம். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாத ஆளே தெருவில் இல்லை. சிலர் முணுமுணுத்தார்கள், நானும் முணுமுணுத்திருக்கிறேன். முழிச்சி மாதத்துக்கு ஒருமுறை எழுந்து, கஞ்சி குடித்து, மகளிடம் இரண்டு வார்த்தை பேசி, மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். பாக்கி நிறைய இருந்தது. மகள் வேலைக்குப் போனாள், கணவருக்கு டீ போட வந்துவிட்டது, தலையும் நரைத்தது. நாத்தனார் தினமும் இரவில் மாமனாரைத் தானே புரட்டினாள். முதல் வருடம் திட்டிக்கொண்டே புரட்டினாள், அடுத்த வருடம் திட்டவும் தெம்பில்லை.

அந்த மாமனார் ஒரு மத்தியான வேளையில் இறந்துபோனார். நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள், தெருவிலேயே குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா, “ராத்திரி துணைக்கு உங்க அண்ணி வருவாளே, அவளைக் கூப்பிடு” என்றார். நாத்தனார் சிவந்த கண்ணோடு பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு இறங்கி வந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அழறதா இருந்தா உள்ள வந்து அழுங்க. அண்ணி தூங்கறாங்க.”

அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.