வாத்து போகாத மூலை

காலை ஒன்பது மணி ஆனால் ஏரிக்கரைக் கொட்டகையிலிருந்து மஞ்சள் நிறப் படகு ஒன்று தானாகவே கிளம்பிவிடும். ஆள் கிடையாது, துடுப்பு கிடையாது. கணினியில் கோடு போட்டுக் கொடுத்த வழியில் போய், அங்கங்கே நின்று தண்ணீரைச் சோதிக்கும். தண்ணீர் நன்றாக இருந்தால் கரைக் கம்பத்தில் பச்சை விளக்கு எரியும், கெட்டிருந்தால் சிவப்பு. படகுக்கு ஊரார் வைத்த பெயர் வாத்து. கோடு போடுகிறவனுக்கு வாத்துக்காரன் என்று பெயர். துடுப்பைத் தொட்டே அறியாதவனுக்கு இப்படி ஒரு பட்டம்!

கிழக்கு மூலையில்தான் வம்பு. அங்கே கொடியும் பாசியும் மண்டிக் கிடந்தன. இரண்டு முறை வாத்து அதில் சிக்கி நின்றுவிட்டது. இரண்டு முறையும் வாத்துக்காரன் மார்பளவு சேற்றில் இறங்கி, அட்டைக்கடி பட்டு, அதை இழுத்து வந்தான். அடுத்த நாள் கணினிப் படத்தில் அந்த மூலையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டான். உள்ளே போகாதே என்று பொருள். வாத்துதான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாயிற்றே, போகவில்லை. நான்கு மாதமாகப் பச்சை விளக்குதான்.

அந்த மூலையில்தான் ஒரு சாக்கடை வந்து விழுகிறது. பக்கத்திலேயே அவன் அக்கா குடியிருக்கும் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு. இரண்டும் அவனுக்குத் தெரியாதவை அல்ல. நினைத்துப் பார்க்க மனமில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் விடியற்காலையில் அக்காவை வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதறிக்கொண்டு ஓடினான்.

"என்னத்தக்கா சாப்பிட்டே?"

"தண்ணியத் தவிர ஒண்ணும் புதுசா இல்லடா. முன்னெல்லாம் கொதிக்க வெச்சுத்தான் குடிப்பேன். உன் விளக்குதான் பச்சையா எரியுதே, அப்புறம் எதுக்குன்னு நிறுத்திட்டேன். என் தம்பி பாக்கற தண்ணி, தைரியமா குடிங்கன்னு தெரு பூரா சொன்னதே நான்தான்."

அவன் நேராகக் கொட்டகைக்குப் போய்க் கட்டத்தை அழித்தான். யாரும் பார்க்கவில்லை. வாத்து கிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் சிவப்பு எரிந்தது. பம்பை நிறுத்தினார்கள். சாக்கடையை அடைக்க ஆட்கள் வந்தார்கள். மேலாளர் அவன் முதுகில் தட்டி, "நல்லவேளை, கண்டுபிடிச்சே! இல்லேன்னா தெருவே படுத்திருக்கும்" என்றார். அவனும் தலையை ஆட்டி வைத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா?

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால், செய்தி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த கட்டிலில் அதே தெருக்காரப் பெண் ஒருத்தி, தன் மூன்று வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கையில் குளுக்கோஸ் ஊசி.

"இவன்தாம்மா என் தம்பி. இவன்தான் கண்டுபிடிச்சான்" என்றாள் அக்கா, படுத்த படுக்கையிலும் பெருமை தாங்காமல்.

அந்தப் பெண் கண் கலங்கக் கை கூப்பினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"கும்பிடாதீங்கம்மா. நான் கண்டுபிடிக்கல, மறைச்சவனே நான்தான்" என்று கட்டம் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

கூப்பிய கைகள் இறங்கின. அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"மேலாளருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேலை போயிடும்க்கா."

"சேத்துல இறங்க முடியலேன்னா, அந்த மூலையைப் பாக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாங்க கொதிக்க வெச்சுக் குடிச்சிருப்போம். சாக்கடைத் தண்ணிகூட அப்படியொண்ணும் பெரிய விஷமில்லடா. பாக்காத இடத்தையும் சேத்து நல்லா இருக்குன்னு சொன்னே பாரு, அதுதான் விஷம்."

அவன் அங்கேயே, அந்தக் குழந்தையின் கட்டிலருகே நின்றபடி, போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டான்.